கிலோவைச் சத்தமாகச் சொல்லணும்: கொழுந்து நிறுக்கும் ஆப் ஒன்று படுத்த கதை

கொட்டகலைக் கோடர்
செவ்வாய், இரவு 9.40

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். இப்போது கொழும்பில் மென்பொருள் கம்பனி ஒன்றில் வேலை. போன வருடம் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதை டிஜிட்டல் ஆக்கும் வேலை எங்கள் கைக்கு வந்தது. "நீ தோட்டத்து ஆள்தானே, நீயே போ" என்றார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அம்மா இருபத்தெட்டு வருடம் மலையில் கொழுந்து எடுத்தவர். எனக்குத் தெரியாத தோட்டமா?

பழைய முறை இங்கே பலருக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசு தொங்கும். கொழுந்தை மாட்டியதும் கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து "நாப்பத்திரெண்டு, பதினாறரை!" என்று கத்துவார். நாற்பத்திரண்டு அந்த அக்காவின் பேர் நம்பர், பதினாறரை கிலோ. கத்திவிட்டுக் கொப்பியில் எழுதுவார். நாங்கள் எலக்ட்ரானிக் தராசு வைத்தோம். அது புளூடூத் வழியாகக் கணக்கப்பிள்ளையின் போனுக்குக் கிலோவை அனுப்பும். ஒவ்வொருவருக்கும் கழுத்தில் மாட்ட ஒரு கார்டு. கார்டைக் காட்டினால் கிலோ தானாகப் பதியும். அந்திக்கு அன்றைய மொத்தம் அவரவர் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும். எழுத வேண்டாம், கத்த வேண்டாம். (முதலில் கார்டு இல்லை, விரல் ரேகைதான். கொழுந்துக் கறை ஏறி, மழையில் ஊறிப்போன விரலை மெஷின் விரலாகவே மதிக்கவில்லை. இரண்டாம் நாளே கழற்றிவிட்டோம்.)

முதல் வாரம் யாரும் தராசை விட்டு நகரவில்லை. நிறுத்து முடித்தவர்களும் கணக்கப்பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிடத்தில் முடிகிற நிறுவை அரை மணித்தியாலம் இழுத்தது. இரண்டாம் வாரம் "மெஷின் கிலோ திங்குது" என்று பேச்சு. முத்திரை குத்திய படிக்கல் கொண்டு போய் எல்லோர் முன்னாலும் நிறுத்துக் காட்டினேன். ஐம்பது கிராம்கூடப் பிசகவில்லை. தலையை ஆட்டினார்கள். மறுநாளும் அதே பேச்சு. மூன்றாம் வாரம் ஒரு அம்மா கார்டைக் கழற்றிப் காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எஸ்எம்எஸ் கதை இன்னும் மோசம். பதிவு செய்த நம்பர்களில் பாதிக்கு மேல் மகனுடையது அல்லது புருஷனுடையது. ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் அந்திக்கு மலையிலருந்து எறங்குறதுக்குள்ள என் கிலோ தவறணைக்குப் போயிருது." தவறணை என்றால் சாராயக் கடை.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே சிரித்தார். "சத்தம் போட்டுச் சொல்லாத கிலோ என்னடா கிலோ?" அவ்வளவுதான் சொன்னார்.

ஆறு மாதத்தில் தோட்டம் பழைய கொப்பிக்கே திரும்பிவிட்டது. இப்போது இரண்டாவது தரம் முயல ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. எங்கள் மேலாளர் "மானிடவியல் முறையில் வடிவமைப்பு" என்று எதையோ அனுப்பி வாசிக்கச் சொல்கிறார். இது உண்மையில் உதவுகிற விஷயமா, இல்லை புதுப் பெயரில் பழைய சர்வேயா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பிட்_பைட்
செவ்வாய், இரவு 10.15

இதற்கு மானிடவியல் எதற்கு அண்ணா? பயிற்சி போதவில்லை, அவ்வளவுதான். ஏடிஎம் வந்த புதிதிலும் எங்கள் ஆச்சி கார்டை மகனிடம் கொடுத்துத்தான் காசு எடுத்தார். இப்போது அவரே கண்டி டவுனில் வரிசையில் நிற்கிறார். ஆட்கள் பழகுவார்கள். தராசு சரியாக இருந்தால் போதும்.


களக்குறிப்பு
புதன், காலை 6.50

@கொட்டகலைக் கோடர் தம்பி, நான் பேராதனையில் சமூகவியல் படித்து, இப்போது மானிடவியலில் ஆய்வு செய்கிறவள். உங்கள் கேள்விக்குப் பதிலாக ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், ஸீராக்ஸ் கம்பனியின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியல் மாணவி இருந்தார். கம்பனி புதிதாக விட்ட பெரிய போட்டோகொப்பி மெஷின் கஷ்டமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் முறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். விளம்பரத்திலோ பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்றிருந்தது. சச்மன் ஆட்களை இரண்டிரண்டு பேராக மெஷின் முன்னால் விட்டு வீடியோ எடுத்தார். ஏன் இரண்டு பேர்? தனியாள் குழம்பினால் மனதுக்குள் குழம்புவார். இரண்டு பேர் என்றால் வாய்விட்டுக் குழம்பியாக வேண்டும். அந்த வீடியோ ஒன்றில், இரட்டைப் பக்கப் பிரதி எடுக்க முடியாமல் திண்டாடுகிற இருவரில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் அவர். அவருக்கே பயிற்சி போதவில்லை என்று சொல்வோமா, பிட்_பைட் தம்பி?

சச்மன் கண்டது இது: எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, எந்த மூடி திறந்தது, இவ்வளவுதான் மெஷினுக்குத் தெரியும். முன்னால் நிற்கிறவர் என்ன நினைத்து அழுத்தினார் என்று தெரியாது. மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தவறைச் சரிசெய்துகொள்கிறோம். மெஷினோடு அது நடக்காது. அவருடைய நூல் 1987இல் வந்தது. அப்புறம் அதே கம்பனியில் ஜூலியன் ஓர் என்ற இன்னொரு மானிடவியலாளர், மெஷின் திருத்துகிறவர்களோடு கூடவே சுற்றினார். அவர்கள் வேலையைக் கற்றது கம்பனிப் புத்தகத்திலிருந்து மட்டும் இல்லை, சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொன்ன கதைகளிலிருந்தும்தான் என்று பார்த்தார்.

இனி உங்கள் மடுவத்துக்கு வருவோம். கணக்கப்பிள்ளை கத்துவதை நீங்கள் பழைய காலத்துச் சத்தம் என்று எடுத்து எறிந்துவிட்டீர்கள். வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் அதுதான் கணக்குப் பரிசோதனை. பக்கத்து நிரையில் எடுத்தவளின் கூடை எவ்வளவு நிறைந்திருந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினாறரை, எனக்குப் பதினான்கு என்றால் அங்கேயே கேட்பேன். அவளும் எனக்காகக் கேட்பாள். நீங்கள் அந்த எண்ணைக் காதிலிருந்து பிடுங்கி, ஒரு போன் திரைக்குள் வைத்தீர்கள். தராசு சரியாக இருந்தது. சாட்சிதான் போய்விட்டது.

இன்னொன்று, மனம் நோகாமல் கேளுங்கள். நீங்கள் தோட்டத்துப் பிள்ளை என்பதே ஒரு இடைஞ்சல். வெளியாள் என்றால் "ஏன் கத்துகிறார்?" என்று முதல் நாளே கேட்டிருப்பார். நீங்கள் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், ஆகவே உங்கள் காதில் விழவே இல்லை.


மடுவத்து மகள்
புதன், பகல் 1.20

களக்குறிப்பு அக்கா சொன்னதை வாசித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மா இப்போதும் பொகவந்தலாவையில் மலைக்குப் போகிறார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் நேற்றுக் காலைக் கொழுந்தில் யார் யார் எத்தனை கிலோ என்று கேளுங்கள், பதினைந்து பேருக்காவது ஒப்பிப்பார்.

நான் சொல்ல வந்தது வேறு. தம்பி, உங்கள் ஆப்பில் தமிழ் இருந்ததா? இருந்தால் எந்தத் தமிழ்? எங்கள் தோட்டத்திலும் இது மாதிரி ஒன்று கொண்டுவந்தார்கள். அம்மாவின் போனுக்கு வந்த செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது: "இன்றைய அறுவடை 13.4. உங்கள் வருகை 0.5." அம்மா பயந்துபோய் என்னிடம் கொடுத்தார். அறுவடை நெல்லுக்குச் சொல்வது. நாங்கள் கொழுந்து எடுக்கிறோம். வருகை 0.5 என்றால் என்ன? பாதி உடம்பு வந்ததா? அரைப்பேர் (அரைநாள் சம்பளம்தான்) என்று போட்டிருந்தால் அந்த நிமிடமே விளங்கியிருக்கும், சண்டைக்கும் போயிருப்பார். ஒருவேளை அதனால்தான் போடவில்லையோ என்னவோ.

விலாசம் கேட்கிற பக்கம் அதைவிட. வீட்டு இலக்கம், வீதி, நகரம் மூன்றையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. லயத்துக்கு ஏது வீதி? எத்தனையோ தோட்டங்களில் இன்றைக்கும் கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கிருந்துதான் கைமாறும். பதிவு செய்ய வந்த பொடியன் கடைசியில் எல்லோருக்கும் வீதி என்ற இடத்தில் "வீதி" என்றே அடித்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை, அவனுக்கும் வேலை முடிய வேண்டுமே.


கொட்டகலைக் கோடர்
புதன், இரவு 8.05

@மடுவத்து மகள் அக்கா, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், எங்கள் ஆப்பிலும் "அறுவடை"தான். கொழும்பில் ஒருவர் மேசையில் இருந்து மொழிபெயர்த்தது. நானும் பார்த்து சரி போட்டேன். வாசிக்கும்போது தமிழாகத்தான் இருந்தது.


பிட்_பைட்
புதன், இரவு 8.40

சரி, பயிற்சி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. கடைசியில் விடை என்ன? ஸ்பீக்கர் வை, "அரைப்பேர்" என்று மாற்று. இதற்கு ஒரு துறை எதற்கு? முதல் நாளே அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கென்யாவில் எம்-பெசா வந்ததே, போனிலேயே காசு அனுப்புகிற முறை, அது எந்த மானிடவியலாளரைக் கேட்டு நாடு முழுக்கப் பரவியது?


களக்குறிப்பு
புதன், இரவு 10.30

நல்ல உதாரணம் எடுத்தீர்கள். எம்-பெசா முதலில் சிறுகடன் தவணையை போனில் கட்டுவதற்கென்று செய்யப்பட்டது. பரீட்சார்த்தமாக விட்டபோது ஆட்கள் அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஒருவருக்கொருவர் காசு அனுப்பினார்கள். செய்தவர்கள் "நீங்கள் தவறாகப் பாவிக்கிறீர்கள்" என்று சொல்லாமல், அதைக் கவனித்து, கடனை ஒதுக்கி வைத்துவிட்டு, 2007இல் "வீட்டுக்குக் காசு அனுப்புங்கள்" என்ற வாசகத்தோடு விட்டார்கள். கவனித்தவருக்கு என்ன பட்டம் இருந்தது என்பது எனக்கு முக்கியம் இல்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்கிறீர்கள். கோடர் தம்பி கேட்காமலா இருந்திருப்பார்? தம்பி, உண்மையைச் சொல்லுங்கள். முதல் வாரம் "மெஷின் எப்படி?" என்று கேட்டபோது என்ன பதில் வந்தது?


கொட்டகலைக் கோடர்
புதன், இரவு 10.42

"நல்லாத்தான் இருக்கு சார்."

சார்! நான் பக்கத்துத் தோட்டத்துப் பொடியன். சப்பாத்து போட்டுக்கொண்டு, கணக்கப்பிள்ளையோடு சேர்ந்து நின்று கேட்டேன். வேறென்ன சொல்வார்கள்.


களக்குறிப்பு
புதன், இரவு 11.10

அதுதான். கேள்வித்தாளுக்கு வருகிற பதில் கேட்கிறவரின் சப்பாத்தைப் பார்த்து வருகிறது. அதனால்தான் இந்தத் துறையில் கேட்பதைவிடக் கூட இருப்பதற்கு மதிப்பு. மலைக்குப் போங்கள், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுங்கள், ஒரு நாள் கொழுந்து எடுத்துப் பாருங்கள். நான் எடுத்திருக்கிறேன். அந்திக்கு மூன்றரைக் கிலோ. கணக்கப்பிள்ளை என் கிலோவையும் சத்தமாகத்தான் சொன்னார். மடுவமே சிரித்தது. அதன் பிறகுதான் என்னோடு பேசினார்கள்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. மைக்ரோசொஃப்ட்டின் பெங்களூர் ஆய்வகத்தில் இந்திராணி மேதி, வீட்டு வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து எழுத்தே இல்லாத வேலை தேடும் ஆப் ஒன்றைச் செய்து பார்த்தார். பாத்திரம் மட்டும் வரைந்தால் சமையலா கழுவுவதா என்று தெரியவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் விழுவதாக வரைந்தால் விளங்கியது. ஆனால் பெரிய தடை வேறு. இந்தப் பெட்டியைத் தட்டினால் எனக்கு எப்படி வேலை கிடைக்கும் என்ற கதையே அவர்களுக்குத் தெரியவில்லை. தகவல் எங்கிருந்து வருகிறது, யார் போடுகிறார், நான் தட்டினால் அது எங்கே போகிறது என்று ஒரு சின்ன நாடகமாக வீடியோ எடுத்துக் காட்டிய பிறகுதான் கை நீண்டது. உங்கள் தோட்டத்தில் கிலோ தராசிலிருந்து சம்பளச் சீட்டு வரை எப்படிப் போகிறது என்று யாராவது காட்டினார்களா?


ஓய்வுபெற்ற கிளாக்கர்
வியாழன், காலை 5.30

பிள்ளைகளே, நான் 34 வருடம் தோட்டத்து ஆபிஸில் இருந்தவன். இரண்டு விஷயம் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறேன்.

ஒன்று, தராசைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், கழிவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மழை நாளில் கொழுந்து தண்ணீரோடு வரும். அதற்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ கழிப்போம். சாக்குக்குக் கழிப்போம். அப்புறம் சில்லறை. முள் பதினெட்டரையைத் தாண்டி நின்றாலும் பதினெட்டரை என்றுதான் எழுதுவோம். மூன்று நேர நிறுவையிலும் அப்படி. இதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை, எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. அந்தப் பெண்களுக்கும் தெரியும். எவ்வளவு கழிக்கிறோம் என்று காதால் கேட்டால், "ஐயா, மழை விட்டு ரெண்டு மணித்தியாலம் ஆச்சு, இன்னும் என்ன தண்ணிக் கழிவு?" என்று கேட்க ஒரு இடம் இருந்தது. மெஷினுக்குள் கழிவை யார் போட்டது, எவ்வளவு போட்டது என்று தெரியாவிட்டால், தம்பி, அவர்கள் சொன்னது சரிதான். மெஷின் கிலோ தின்றது. 2021 மார்ச்சில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆன பிறகு பல இடங்களில் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, இத்தனை கிலோ என்ற அளவை ஏற்றினார்கள். அப்போது அரைக் கிலோ என்பது அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் நடுவில் நிற்கிற சுவர்.

இரண்டு, கழுத்தில் கார்டு. அந்த அம்மா கழற்றி வைத்துவிட்டுப் போனார் என்று வாசித்ததும் எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம் வந்தார். இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த காலத்தில், எந்தத் தோட்டத்து ஆள் என்று இலக்கம் அடித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி விடுவார்கள். அதற்கும் முன்னாலிருந்தே இன்னொரு "துண்டு" இருந்தது. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டினால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இதெல்லாம் அந்த அம்மா நினைத்துத்தான் கழற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லயத்தில் ராத்திரிப் பேச்சில் இந்தக் கதைகள் இன்னும் ஓடுகின்றன. நம்பரைக் கழுத்தில் தொங்கவிட முன்னால் யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம்.


கொட்டகலைக் கோடர்
வியாழன், காலை 7.15

ஐயா, கழிவு என்பதை நாங்கள் "டெயார்" என்று ஒரு செட்டிங்காக வைத்தோம். கணக்கப்பிள்ளை காலையில் ஒரு தரம் போட்டால் நாள் முழுக்கத் தானாகக் கழியும். அதை வசதி என்று நினைத்தேன். இப்போது வயிற்றைப் பிசைகிறது.


குவைத் ரிட்டர்ன்
வியாழன், இரவு 9.00

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒன்பது வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். இப்போது மஸ்கெலியாவில் சின்னக் கடை. நீங்கள் பேசுகிற பெரிய பெயர்கள் எனக்குத் தெரியாது, ஆனால் போன் தெரியும்.

தோட்டத்தில் போன் ஒருவருடைய சாமான் இல்லை. பிள்ளை அதில் ஒன்லைன் பாடம் படிக்கும், புருஷன் பாட்டு கேட்பார், மாமியார் இமோவில் டுபாயில் இருக்கிற மகளோடு அழுவார். என் தங்கச்சி போனை மகனிடம் கொடுக்க முன்னால் கடகடவென்று நாலைந்து மெசேஜை அழித்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஒளிக்க ஒன்றும் இல்லை. சீட்டுக் காசு, நகை அடகு, அம்மாவுக்கு அனுப்பிய ஐந்நூறு ரூபாய், அவ்வளவுதான். ஆனால் அது அவளுடையது.

கிலோவைச் சத்தமாகச் சொல்லலாம், அது மடுவத்துக்குள். சம்பளத்தை எஸ்எம்எஸ் போடுவது வேறு, அது வீட்டுக்குள். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள் தம்பி.


களக்குறிப்பு
வியாழன், இரவு 9.35

அக்கா, உங்கள் தங்கச்சி செய்வதை நித்யா சம்பாசிவன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் பெண்களிடம் பார்த்து 2018இல் எழுதினார்கள். ஒரு போனை ஒரு ஆள் என்றே கணக்கு வைத்து ஆப் செய்கிறவர்களுக்கு அது ஒரு அடி. ஒவ்வொரு மெசேஜாகப் பார்த்து அழிப்பது, ஆப்புக்குத் தனிப் பூட்டுப் போடுவது என்று அங்கேயும் இதே கைப்பழக்கம்தான்.

"மடுவத்துக்குள் சத்தம், வீட்டுக்குள் மௌனம்" என்று நீங்கள் பிரித்ததை மட்டும் என் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொள்கிறேன், அனுமதி உண்டா?


குவைத் ரிட்டர்ன்
வியாழன், இரவு 9.41

எழுதுங்க, எழுதுங்க. பேர் போட வேண்டாம்.


அப்புத்தளை மழை
வெள்ளி, காலை 6.05

இழை திசைமாறுகிறது என்றால் மன்னியுங்கள், ஆனால் இங்கே எனக்கும் ஒன்று உறைத்தது. நான் மண்சரிவு எச்சரிக்கை வேலையில் தொண்டராக இருக்கிறேன். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நேற்று மாதிரி. அங்கே மண் சரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்பதும் தெரியும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை தருகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழித்திரு, 100 தாண்டினால் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு. மழைமானியில் இதைக் கோடாகப் போட்டுவிட்டால் மொழியே வேண்டாம். அருமையான சாமான். எங்கள் பக்கம் ஒரு தோட்டத்தில் அதைக் கொண்டு போய் ஆபிஸ் வாசலில் நட்டார்கள், துரை வந்து போட்டோ எடுத்துக்கொண்டார். ராத்திரி மழைக்கு யார் ஆபிஸ் வாசலுக்குப் போவது?

லயத்தில் விடிய முன் முதலில் எழும்புகிறவர்கள் பெண்கள். நாலரை ஐந்துக்குப் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தோடு நிற்பார்கள். பீலித் தண்ணி செம்மண் நிறமாக வந்தாலும், வரவே இல்லை என்றாலும், முதலில் பார்ப்பது அவர்கள்தான். கதவு திடீரென்று இறுகிக்கொண்டது, நேற்று இல்லாத இடத்தில் ஊற்று வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் பேச்சாகும். நாங்கள் போன வருடம் மழைமானியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பீலிக்கரையில் நட்டோம். இப்போது குடம் நிறையும் வரை எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். சோப்புப் பெட்டி வைக்கவும் அதன் கம்பம் வசதியாக இருக்கிறதாம்.


பிட்_பைட்
வெள்ளி, காலை 8.20

சோப்புப் பெட்டி. தோற்றேன். கோடர் அண்ணா, இரண்டாவது தரம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், கோட் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம், தங்க இடமும் ரொட்டி சம்பலும் போதும்.


கொட்டகலைக் கோடர்
மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

இழையை மறுபடி மேலே இழுக்கிறேன். போனோம், நானும் பிட்_பைட்டும். முதல் மூன்று வாரம் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. களக்குறிப்பு அக்கா சொன்ன மாதிரி ஒரு நாள் நானும் மலைக்கு ஏறினேன். நாலு கிலோ. அக்காவை முந்திவிட்டேன், ஆனால் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போதைய நிலைமை இது. தராசுக்குப் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சின்ன ஹோர்ன் ஸ்பீக்கர். கொழுந்தை மாட்டியதும் நம்பரையும் கிலோவையும் கூப்பிடும். கழிவையும் கூப்பிடும்: "தண்ணிக் கழிவு ஒன்று." கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நிறுவைக்கும் கழிவை மறுபடி கையால் போட வேண்டும், தானாக ஓடாது. அவருக்கு இது பிடிக்கவில்லை, மறைக்க மாட்டேன். கார்டு கழுத்தில் இல்லை, அவரவர் இஷ்டம். பெரும்பாலும் வெற்றிலைப் பைக்குள் இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவிட்டோம். கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. ஐயா, அதற்குத் "துண்டு" என்று பெயர் வைக்கவில்லை, "ரசீது" என்று வைத்தோம்.

எந்தக் குரல் என்பதில்தான் நான்கு நாள் போனது. கம்ப்யூட்டர்க் குரலைக் கேட்டுவிட்டு "ரேடியோ நியூஸா?" என்றார்கள். கணக்கப்பிள்ளையின் குரலில் பதிந்தால் அவர்தான் சொல்கிறார் என்று ஆகிவிடும். தோட்டத்திலேயே ஒரு பெண்ணின் குரல் என்றால், "அவ எனக்குக் குறைச்சுச் சொல்றா" என்று சண்டை வருமாம். கடைசியில் மடுவத்து மகள் அக்காவின் அம்மா, வேறு தோட்டத்து ஆள், இரண்டு நாள் லீவு போட்டு வந்து ஒன்றிலிருந்து ஐம்பது வரை கத்திக் கொடுத்தார். மெதுவாகச் சொல்லச் சொன்னோம், அவருக்கு வரவில்லை. கத்தினால்தான் வந்தது.

"பதினெட்டு புள்ளி ஏழு" என்பது முதல் நாளே அடி வாங்கியது. ஏழு கிராமா என்று கேட்டார்கள். கடையில் மாவும் பருப்பும் வாங்குகிற கணக்கில் "பதினெட்டு கிலோ எழுநூறு" என்று மாற்றினோம். அங்கேதான் புது வில்லங்கம். கிளாக்கர் ஐயா சொன்ன சில்லறை இப்போது ஹோர்ன் ஸ்பீக்கரில் வருகிறது. இரண்டாம் நாள் ஒரு அக்கா கேட்டார்: "எழுநூறுன்னு இப்ப சொல்லுது. அரையின்னு எழுதுன காலத்துல அந்த இருநூறு எங்க போச்சு?" மடுவத்தில் ஒருவரும் பேசவில்லை. தோட்டத்து ஆபிஸில் இருந்து எங்கள் மேலாளருக்குக் கோல் போயிருக்கிறது. சம்பள மென்பொருளில் அரைக் கிலோவுக்குக் கீழே எழுத இடம் இல்லையாம், ஸ்பீக்கரும் அரை வரைக்கும் சொன்னால் போதுமாம்.


மடுவத்து மகள்
ஞாயிறு, இரவு 8.52

அம்மா இன்னும் அந்தப் பெருமையில்தான் இருக்கிறார். தொண்டை மட்டும் கட்டிவிட்டது.

தம்பி, ஆபிஸ் சொன்னதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? அந்த இருநூறு கிராமை இப்போது யார் எழுதுகிறார்கள்?


கொட்டகலைக் கோடர்
ஞாயிறு, இரவு 9.10

மேலாளர் இன்னும் பதில் அனுப்பவில்லை அக்கா. ஸ்பீக்கரை நான் மாற்றவும் இல்லை, புதன்கிழமை கூட்டம் இருக்கிறது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் வருகிறாராம்.

சில்லறையை அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். கார்டின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது அல்லவா, அதில் பென்சிலால். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிற தங்கச்சி எழுதிக் கொடுக்கிறாள். போன வெள்ளிக்கிழமை ஒரு அம்மாவின் கார்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மட்டும் இரண்டு கிலோ தொள்ளாயிரம்.